பத்திரத்தில் இல்லாத பெயர்கள்: ஜார்ஜ் டவுனில் நாம் வாழ்ந்த வீடுகள்

ஊரிலிருந்து உறவினர்கள் பினாங்குக்கு வந்தால் நாம் முதலில் அழைத்துப்போவது சூலியா தெருப் பக்கம்தான். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நாகூர் தர்கா, நாசி கண்டார் கடை என்று எல்லாவற்றையும் காட்டுகிறோம். ஆனால், "நம்ம நன்னா இருந்த வீடு எது?" என்று பிள்ளைகள் கேட்டால், நம்மில் பலருக்கு விரல் நீட்டிக் காட்டத் தெரிவதில்லை.

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றிய காலந்தொட்டே நம்மவர்கள் இங்கு உண்டு. 1794இல் அவர் எழுதிய குறிப்பில், குடியிருந்த சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்று காண்கிறோம். மலபார் தெரு என்றிருந்த தெரு பின்னர் அவர்கள் பெயரையே பெற்றது. 1801இல் காதர் முகைதீன் அவர்கள் முன்னின்று பெற்ற 18 ஏக்கர் நிலத்தில் பள்ளிவாசல் எழுந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டை நம்மவர்கள் 'கடைத்தெரு' என்றார்கள். கிங் ஸ்திரீட்டுக்குப் 'படகுக்காரத் தெரு' என்ற பெயரும் இருந்தது. அங்கு யார் யார் பிழைத்தார்கள் என்பதை இப்பெயர்களே சொல்லும்.

அன்றைய கடைவீடு முகப்பில் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் இருக்கும். வாசலில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அஞ்சடி, நடுவில் காற்றும் வெளிச்சமும் இறங்க ஒரு முற்றம், கீழே வியாபாரம், மேலே பலகைத் தளம் போட்ட மாடி. நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறி வந்த நம் பெரியவர்கள் பலருக்கு முதல் முகவரி இந்த மாடிதான். கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்து ஊர்க்காரர்கள் ஊர்வாரியாகக் கூடித் தங்கினார்கள். ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, மாதாமாதம் ஊருக்கு ஒரு மணியார்டர். அதுவே அவர்கள் குடித்தனம்.

பள்ளிவாசலைச் சுற்றியிருந்த நிலத்தின் கதை வேறு. வக்ஃப் சொத்துகள் சரிவரப் பராமரிக்கப்படவில்லை என்ற முறையீடுகள் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு முஸ்லிம், இந்து அறநிலைய வாரியத்தை அமைத்தது. பள்ளிவாசல் நிலத்திலிருந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டு, பக்கிங்ஹாம் தெருவும் கடைவரிசைகளும் வந்தன. கடை வாடகை வக்ஃபுக்கு வருமானமானது. ஆனால், அங்கே குடியிருந்தவர்களுக்கு அது இடப்பெயர்ச்சி. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

அடுத்த பெயர்ச்சி நம் கண்முன்னே நடந்தது. 1948 ஜனவரி 31க்குள் கட்டி முடிந்த கட்டடங்களுக்கு, 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காப்பாக இருந்தது. சொற்ப வாடகையில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் தங்கின. அந்த வாடகையில் கூரை ஓட்டை மாற்றக்கூட வீட்டுக்காரர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதும் உண்மை. 2000 பிறந்தபோது அந்தக் காப்பு போயிற்று. வாடகை உயர, நம்மவர்கள் பலர் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள்.

2008 ஜூலை 7இல் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கட்டடங்களுக்கு அது நன்மையே. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் சுவர் உதிரும் என்பது இன்று பலருக்கும் தெரிந்திருக்கிறது. சுவரைக் காக்க வழி உண்டு. சுவருக்குள் வாழ்ந்தவர்களின் நினைவைக் காக்க வேண்டியது யார்?

உரிமையாளர்களின் பெயர் பத்திரத்தில் இருக்கும். நம் பெரியவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்கள், மாடியில் ஒண்டியிருந்தவர்கள், அஞ்சடியில் கடை போட்டவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. பழைய வாடகை ரசீது, கடை முன் எடுத்த புகைப்படம், ஊரிலிருந்து வந்த கடித உறை, இவையே அவர்கள் இங்கு வாழ்ந்ததற்குச் சான்று.

ஆகவே இப்பொன்விழா ஆண்டில் சங்கக் குடும்பங்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். இந்த வாரமே வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தெரு, என்ன கதவு எண், எந்த ஆண்டு, உடன் தங்கியவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதி, பழைய படங்களின் நகலோடு சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நகல் போதும், அசல் உங்களிடமே இருக்கட்டும். முடிந்தால் அந்தப் பெரியவரை ஒருமுறை அத்தெருவுக்கே அழைத்துப் போங்கள். அவர் காட்டும் வாசலைப் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளட்டும், இன்ஷா அல்லாஹ்.