நூறு ஒன்றான கதை



ஓய்வுக்குப் பிறகு 'ஆர்' என்ற புள்ளியியல் கணினிமொழி பழகினேன். என்னிடமிருந்த பழைய பதிப்பில் ஒரு மதிப்பெண் பட்டியலை ஏற்றி, எண்ணாக மாற்றச் சொன்னேன். 100 வாங்கியவனுக்கு 1, 35 வாங்கியவனுக்கு 2 என்று வந்தது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் வகுப்பே தோற்றது என்று எழுதியிருப்பேன்.

காரணம், ஒரு கட்டத்தில் நான் தட்டிய 'வரவில்லை' என்ற சொல். அதனால் அந்தப் பத்தி முழுவதும் எழுத்தாகிவிட்டது. எழுத்தென்றால் ஊர், பாலினம் போன்ற வகைப்பெயர் என்றே பழைய ஆர் எடுத்துக்கொள்ளும். அகர வரிசையில் அடுக்கி வரிசை எண் கொடுக்கும். அந்த அடுக்கில் 35க்கு முன்னால் 100 நிற்கும்!

1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழுவினர் தொடங்கிய 'எஸ்' மொழியின் வாரிசு ஆர். 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கினார்கள். அன்றைய புள்ளியியல் வேலைக்கு வகைகள்தான் முக்கியம், நினைவகமும் மிச்சம். 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பில்தான் அந்தப் பழக்கம் மாறியது. இப்போது 'வரவில்லை'யை மட்டும் விடுபட்டதாகக் குறித்து, எச்சரிக்கையும் தரும்.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் முதலில் எழுத்தாக்கி, பிறகு எண்ணாக்குங்கள். எந்தப் பதிப்பானாலும், ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணையாவது கண்ணால் சரிபாருங்கள்.