துணையூக்கியும் ஆய்வுக்கூட விலங்குகளும்

தடுப்பூசி மருந்தோடு கலந்து கொடுக்கும்போது அதன் வீரியத்தைக் கூட்டும் பொருளுக்குத் துணையூக்கி என்று பெயர். தனியாகக் கொடுத்தால் அது எந்த நோயையும் தடுக்காது. இந்தப் பொருள்கள் 1920களிலேயே ஆய்வுக்கூடங்களில் புழங்கத் தொடங்கிவிட்டன. அவை எப்படி வேலை செய்கின்றன என்பது 1990களில்தான் துலங்கத் தொடங்கியது. நடுவில் கழிந்த எழுபது ஆண்டுகளின் கதை பெரும்பாலும் விலங்குகளின் கதை. எந்தக் காலத்தில் எந்த விலங்கை வைத்து ஆராய்ந்தார்களோ, அந்த விலங்கு காட்டிய பக்கம் மட்டுமே அந்தக் காலத்து அறிவியலுக்குத் தெரிந்தது.

முதலில் வந்தது குதிரை. தொண்டை அடைப்பான் நோய்க்கு அப்போது மருந்தாக இருந்தது குதிரையின் சீரம். நோய்க்கிருமியின் நச்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் எதிர்நச்சு ஊறிய பிறகு ரத்தம் எடுத்துச் சீரத்தைப் பிரிப்பார்கள். பாரிஸுக்கு அருகே பாஸ்டர் நிறுவனத்தின் கிளையில் இந்த வேலையைப் பார்த்தவர் காஸ்டோன் ரமோன் என்ற கால்நடை மருத்துவர். நச்சின் கொடுமையை ஃபார்மலினாலும் மிதமான சூட்டாலும் போக்கி, ஆபத்தில்லாத தடுப்பூசியாக மாற்றியவரும் அவர்தான். ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்து சீழ் பிடித்த குதிரைகளின் சீரம் மற்றவற்றின் சீரத்தைவிட வீரியமாக இருப்பதை அவர் கண்டார். சீழைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் வீக்கத்தை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தார். நம்மூரில் ஜவ்வரிசியாகும் மரவள்ளி மாவு, ரொட்டித் தூள், அகர் என்று பலவற்றை ஊசி மருந்தோடு கலந்தார். எதிர்நச்சின் அளவு கூடியது. 1925 வாக்கில் அவர் இதை வெளியிட்டார்.

அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் அலெக்சாண்டர் கிளென்னி குழுவினர் படிகாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சவரக் கடையில் கன்னத்தில் தேய்க்கும் அதே படிகாரம். நச்சு நீக்கிய மருந்தைப் படிகாரத்தோடு சேர்த்து வீழ்படிவாக்கிக் கினிப் பன்றிகளுக்குப் போட்டபோது, வெறும் மருந்தைவிட அது பல மடங்கு பலன் தந்தது. மருந்து ஊசி போட்ட இடத்திலேயே தங்கி மெல்ல மெல்லக் கசிவதுதான் காரணம் என்று கிளென்னி கருதினார். ஊசியால் உண்டான முடிச்சை ஒரு கினிப் பன்றியிலிருந்து வெட்டி எடுத்து, அரைத்து, வேறொன்றுக்குச் செலுத்தியபோது அதற்கும் எதிர்ப்பாற்றல் வந்தது. அதுவே அவர் காட்டிய சான்று. இந்த விளக்கம் பாடநூல்களில் ஏறி எண்பது ஆண்டுகள் நிலைத்தது. 2012-இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள், சுண்டெலிகளில் ஊசி போட்ட இடத்தை இரண்டே மணி நேரத்தில் அகற்றிப் பார்த்தார்கள். எதிர்ப்பாற்றல் குறையவே இல்லை. படிகாரம் என்னவோ இன்றுவரை அலுமினிய உப்பாகக் குழந்தைகளின் தடுப்பூசிகளில் தொடர்கிறது.

குதிரையிலும் கினிப் பன்றியிலும் அதுவரை அளக்கப்பட்டது ரத்தத்தில் ஊறிய எதிர்ப்பொருள் மட்டுமே. கினிப் பன்றியின் தோல் வேறொன்றைக் காட்டிற்று. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த ஜூல்ஸ் ஃப்ராய்ண்ட், 1930களின் பிற்பகுதியில் கொன்ற காசநோய்க் கிருமிகளைப் பாரஃபின் எண்ணெயில் கலந்து செலுத்தினார். அந்தக் கினிப் பன்றிகளின் தோலில் காசநோய்க் கிருமியின் சாற்றைச் சிறிதளவு ஏற்றினால் உடனே ஒன்றும் நடக்காது. ஒன்றிரண்டு நாள் கழித்து அந்த இடம் சிவந்து, தடித்து, கைக்குக் கெட்டியாகத் தட்டுப்படும். 1940களில் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் இத்தகைய தாமதித்த எதிர்வினையின் மூலத்தைத் தேடினார்கள். உணர்வூட்டப்பட்ட கினிப் பன்றியின் சீரத்தை மற்றொன்றுக்குக் கொடுத்துப் பயனில்லை. வயிற்றறையில் திரண்ட வெள்ளணுக்களை உயிரோடு எடுத்துக் கொடுத்தால் அந்தத் தன்மை இடம்மாறிற்று. எதிர்ப்பாற்றலின் ஒரு பாதி அணுக்களில் குடியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை. அவை எந்த அணுக்கள் என்பது தெரிய மட்டும் இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

ஃப்ராய்ண்டின் கலவைக்கு விலங்குகள் கொடுத்த விலையையும் வரலாறு சொல்லித்தான் ஆக வேண்டும். ஊசி போட்ட இடம் புண்ணாகிச் சதை அழுகுவதுண்டு. எலிகளில் மூட்டுகள் வீங்கின. மூளைத் திசுவோடு கலந்து கொடுத்த குரங்குகளில் அவற்றின் சொந்த மூளையே தாக்கப்பட்டது. பின்னாளில் தன்னெதிர்ப்பு நோய்களை ஆராய இவையே மாதிரிகளாயின என்றாலும், மனிதருக்கான தடுப்பூசிக்கு அந்தக் கலவை ஆகாது என்பது உறுதியாயிற்று. விலங்கு நல நெறிக் குழுக்கள் இன்று அதை எளிதில் அனுமதிப்பதில்லை.

1961-இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸ் சுரப்பியை அகற்றினார். பயனற்றது என்று பலர் எண்ணியிருந்த உறுப்பு அது. அந்தக் குட்டிகள் வளர்ந்தபின் அயல் இனச் சுண்டெலியின் தோலை ஒட்டவைத்தபோது உடல் அதைத் தள்ளவில்லை. ஒட்டிய தோலில் வேறு நிற மயிர் வளர்ந்தது. தைமஸில் பக்குவப்படும் அணுக்களே டி செல்கள். எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி செல்களுக்கு இவை துணைபுரிகின்றன என்பதை 1968-இல் மெல்பர்னில் மில்லரும் கிரஹாம் மிட்செலும் நிறுவினார்கள். இதிலிருந்து துணையூக்கி ஆய்வு சுண்டெலியின் கைக்கு மாறியது. ஒரே வம்சமாய்ப் பெருக்கிய சுண்டெலிகளில் ஒன்றின் அணுக்களை மற்றொன்றுக்குத் தடையின்றி மாற்றலாம் என்ற வசதி கினிப் பன்றியில் இந்த அளவுக்கு இல்லை.

1986-இல் டிம் மோஸ்மனும் ராபர்ட் காஃப்மனும் சுண்டெலியின் உதவி டி செல்களில் இரு வகைகளைப் பிரித்துக் காட்டியதும் பழைய புதிர்கள் அவிழ்ந்தன. படிகாரம் எதிர்ப்பொருளை வளர்க்கும் வகையைத் தூண்டுகிறது. ஃப்ராய்ண்டின் கலவை, அணுவுக்குள் ஒளியும் கிருமிகளை எதிர்க்கும் வகையைத் தூண்டுகிறது. எதிர்ப்பொருள் மட்டும் போதாத காசநோய்க்கும் மலேரியாவுக்கும் படிகாரம் ஏன் உதவவில்லை என்பதற்கான விடையின் பெரும்பகுதி இதில் அடங்கியிருக்கிறது.

துணையூக்கியில்லாமல் தூய புரதம் ஏன் வேலை செய்வதில்லை என்ற கேள்வியை எவரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை என்று 1989-இல் சார்லஸ் ஜேன்வே தம் துறையினரிடம் குறைப்பட்டார். கிருமிகளுக்கே உரிய பொதுவான அடையாளங்களை உடல் முதலில் உணர்ந்தாக வேண்டும், அதன் பிறகே டி செல்கள் விழிக்கும் என்பது அவருடைய ஊகம். 1998-இல் புரூஸ் பாய்ட்லரின் குழு, பாக்டீரியா நச்சுக்கு அசையாத ஒரு சுண்டெலி வம்சத்தில் அந்த நச்சை உணரும் ஏற்பியின் மரபணு பழுதுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தபோது ஊகம் உறுதியானது. அந்த நச்சின் கொடுமையைக் குறைத்து எடுத்த எம்.பி.எல். என்ற பொருளும், சிலி நாட்டுக் குயிலாயா மரப்பட்டையின் சாப்போனினும் சேர்ந்த துணையூக்கி, 2017-இல் அக்கி அம்மைத் தடுப்பூசியின் பகுதியாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இன்றைய ஆய்வுக்கூடத்தில் ஊசி போட்ட சுண்டெலியின் மண்ணீரலை மெல்லிய வலையில் தேய்த்து அணுக்களைப் பிரிக்கிறார்கள். 96 குழிகள் கொண்ட தட்டில் அவற்றைத் தடுப்பூசிப் புரதத்தோடு ஊறவைத்தால், விழித்த ஒவ்வொரு டி செல்லும் ஒரு புள்ளியைப் பதிக்கும். புள்ளிகளை எண்ணித் துணையூக்கிகளை ஒப்பிடுகிறார்கள். ஆனால் சுண்டெலியில் நிறையப் புள்ளி தந்தது மனிதரிடம் அப்படியே பலிப்பதில்லை. கிருமியை உணரும் ஏற்பிகளில் சில இரு உயிர்களிலும் வெவ்வேறு அணுக்களில் இருக்கின்றன. கூண்டின் தூய்மையும் ஒரு காரணம்: நோயே அறியாமல் வளரும் ஆய்வுக்கூடச் சுண்டெலியின் எதிர்ப்பாற்றல், வளர்ந்த மனிதருடையதைவிடப் பச்சிளங்குழந்தையுடையதை ஒத்திருக்கிறது என்று 2016-இல் மின்னசோட்டா ஆய்வாளர்கள் காட்டினார்கள். செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய சுண்டெலிகளை அதே கூண்டில் விட்டபின் அந்த வேறுபாடு பெரிதும் குறைந்தது. அதன் பிறகு சில ஆய்வுக்கூடங்கள் இத்தகைய சுண்டெலிகளிலும் தடுப்பூசிகளைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியுள்ளன.