இழுப்பறையின் ஆழம்: அமெரிக்க மெக்கானிக்கின் கருவிப் பெட்டியும் உடைமையின் எல்லைக்கோடும்

ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் செய்யப்பட்ட பழைய கெர்ஸ்ட்னர் பெட்டி ஒன்றைத் திறந்தால் முதலில் வியப்பூட்டுவது அதன் இழுப்பறைகளின் ஒடுக்கம். ஓக் மரத்தாலான பெட்டி. ஏறத்தாழ 20 அங்குல அகலம். மூடியின் உட்புறம் சின்னதாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பூட்டைத் திறந்து முன்பலகையை எடுத்தால், அது கடைசி இழுப்பறைக்குக் கீழே உள்ள இடுக்குக்குள் சறுக்கிப் போய் மறைந்துகொள்ளும். பச்சை ஃபெல்ட் துணி ஒட்டிய இழுப்பறைகளில் பெரும்பாலானவை விரல் ஆழத்துக்கும் குறைந்தவை. நடுவில் ஒன்று மட்டும் குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கும். 1914-இல் முதலில் வெளிவந்து இன்றும் பதிப்பிக்கப்படும் ‘மெஷினரீஸ் ஹேண்ட்புக்’ என்ற கையடக்கமான, ஆனால் தடித்த கையேட்டுக்கான இடம் அது. புத்தகத்துக்கு அறை ஒதுக்கிய இந்தப் பெட்டியின் இழுப்பறைகளில் ஒரு பெரிய சுத்தியலுக்கு இடமில்லை. லேத்திலும் மில்லிங் மெஷினிலும் இரும்பைக் கடைந்து பிழைத்த மெஷினிஸ்ட் ஒருவரின் பெட்டி ஏன் நகைப்பெட்டியைப் போல இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பழம்பொருள் சேகரிப்போர் இந்தக் கேள்வியைக் கேட்பது அரிது. இறந்தவர் வீட்டுச் சாமான் விற்பனைகளிலும் ஏலங்களிலும் வாரச்சந்தைகளிலும் அவர்கள் தேடுவது செய்த கம்பெனியின் பெயர்த்தகடு, மூலச் சாவி, சிதையாத துணி ஆகியவற்றை. வரலாறு சொல்ல வந்தால் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். மரப்பெட்டி கைத்திறனின் பெருமை, தகரப்பெட்டி மலிவின் வெற்றி என்பது ஒன்று. வேலை பெருகியது, எனவே பெட்டியும் பெருத்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இழுப்பறையின் ஆழத்தை இரண்டுமே விளக்கவில்லை. பட்டறையில் எது முதலாளியின் சொத்து, எது தொழிலாளியின் சொத்து என்ற எல்லைக்கோடு இருபதாம் நூற்றாண்டில் இருமுறை இடம் மாறியது. அந்த நகர்வைத்தான் பெட்டியின் வடிவம் பதிந்து வைத்திருக்கிறது என்பது என் வாதம்.

கருவிக்கெனப் பெட்டி செய்யும் வழக்கம் மிகப் பழையது. சுவீடனின் கோட்லாண்ட் தீவில் 1936-இல் உழவின்போது கிடைத்த மேஸ்டர்மிர் ஓக் பெட்டி வைக்கிங் காலத்தது. அந்தக் கண்டெடுப்பில் 200-க்கும் மேற்பட்ட பொருட்கள் இருந்தன. கொல்லனின் கருவிகளும் தச்சனின் கருவிகளும் அவற்றில் கலந்து கிடந்தன. இங்கிலாந்தின் ராச்செஸ்டர் அருங்காட்சியகத்தில் உள்ள, தச்சர் பெஞ்சமின் சீட்டனின் பெட்டி இன்னும் துலக்கமான சான்று. லண்டன் வணிகர் கிறிஸ்டோபர் கேப்ரியலிடம் 1796-இல் வாங்கிய கருவிகளுக்காக 1797-இல் செய்த பெட்டி அது. கருவிகளும் பட்டியலும் பெட்டியோடு பிழைத்திருக்கின்றன. பெரிய இழைப்புளி முதல் வாள், உளி வரை ஒரு தச்சருக்கு வேண்டிய அனைத்தும் அதில் உண்டு. மரத்தைத் தவிர வேறு எதற்கும் அவர் பிறரை நாட வேண்டியதில்லை. தொழிலாளி தன் கருவியைத் தானே வைத்திருப்பது பழைய மரபுதானே, மெஷினிஸ்டின் பெட்டியில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒப்பீடே விடை. தச்சரின் பெட்டிக்குள் அவர் தொழில் முழுவதும் அடங்கியது. மெஷினிஸ்டின் தொழிலில் ஆகப்பெரிய கருவியான லேத் அவருடையதாக இருக்க முடியாது. அது தொழிற்சாலையின் தரையில் போல்ட்டு போட்டு இறுக்கப்பட்டிருந்தது. மெஷினிஸ்டின் பெட்டியில் தொழிலின் ஒரு துண்டுதான் இருக்கிறது. அது எந்தத் துண்டு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு 1906-ஆம் ஆண்டு ஒரு நல்ல சாளரம். அந்த ஆண்டு டிசம்பரில், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்த ஃபிரடெரிக் டெய்லர், உலோகத்தைக் கடைவது பற்றிய தன் நீண்ட ஆய்வை முன்வைத்தார். 1903-இல் வெளிவந்த பட்டறை நிர்வாகம் பற்றிய அவரது எழுத்திலேயே கரு உண்டு: வெட்டும் கருவியைத் தேர்வதும் தீட்டுவதும் தொழிலாளியின் விருப்பத்துக்கு விடப்படக்கூடாது, நிர்வாகத்தின் டூல் ரூம் ஒரே அளவில், ஒரே கோணத்தில் தீட்டி வழங்க வேண்டும். அவரும் மான்செல் ஒயிட்டும் பெத்லஹேம் இரும்பாலையில் உருவாக்கிய ஹைஸ்பீடு ஸ்டீல் இந்தக் கோரிக்கைக்குப் பொருளாதார வலு சேர்த்தது. விலை கூடிய உலோகத்தை ஆளுக்கொரு விதமாகச் சாணை பிடித்துத் தேய்த்துவிட எந்த முதலாளியும் விடமாட்டார். அதே 1906-இல்தான் டேட்டனில் ஹாரி கெர்ஸ்ட்னர் தொழிலாளிகளுக்குத் தனிப்பெட்டி செய்து விற்கத் தொடங்கினார். வார்ப்படத்துக்கு மர மாதிரி செய்யும் தொழிலைப் பயின்றுகொண்டிருந்த அவர், தன் கருவிகளுக்காகச் செய்துகொண்ட பெட்டியைப் பார்த்து உடன் வேலை செய்தவர்கள் தங்களுக்கும் கேட்டதில் பிறந்தது அந்தக் கம்பெனி. டெய்லரும் இளமையில் பிலடெல்ஃபியாவில் இதே மர மாதிரித் தொழிலைப் பயின்றவர் என்பது வரலாற்றின் குறும்பு. ஒருவர் கருவியைத் தொழிலாளியின் கையிலிருந்து பிடுங்க முனைந்தார். மற்றவர் அதைப் பூட்டிவைக்கப் பெட்டி செய்தார்.

மேலோட்டமாகப் பார்த்தால் முரணாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். வெட்டும் கருவி, டிரில், ரீமர் முதலியவை டூல் ரூமுக்குப் போயின. தொழிலாளியிடம் எஞ்சியவை அளக்கும் கருவிகள். பிராவிடன்ஸ் நகரின் பிரவுன் அண்டு ஷார்ப், ஏத்தல் ஊரில் 1880-இல் தொடங்கிய ஸ்டாரெட் ஆகிய கம்பெனிகள் கையடக்க மைக்ரோமீட்டரையும் காம்பினேஷன் ஸ்கொயரையும் தனி ஆள் வாங்கும் பொருளாக்கியிருந்தன. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் மைக்ரோமீட்டரை யாரும் எளிதில் இரவல் தரமாட்டார்கள். ஒருமுறை கீழே விழுந்தால் அதன் சொல்லை நம்ப முடியாது, திருகும்போது விரலுக்குத் தெரியும் இறுக்கமும் ஆளுக்கு ஆள் வேறு. தட்டையானவை, மென்மையானவை, துருவுக்கு அஞ்சுபவை இவை. இழுப்பறை ஒடுங்கியதற்கும் அடியில் ஃபெல்ட் விரித்ததற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்தக் கோட்டுக்குச் சான்று பெட்டிக்குள்ளேயே கிடைக்கிறது. பழைய பெட்டிகளின் இழுப்பறை மூலைகளில் எண் பொறித்த பித்தளை வில்லைகள் அகப்படுவதுண்டு. நம் ஐ.டி.ஐ. பட்டறைகளில் படித்தவர்களுக்கு டோக்கன் என்றால் புரியும்: வில்லையை டூல் ரூமில் கொடுத்துவிட்டு ரீமரை வாங்க வேண்டும், ரீமரைத் திருப்பித் தந்தால் வில்லை திரும்பி வரும். மைக்ரோமீட்டருக்கு அருகில் கிடக்கும் அந்த வில்லை, எது பெட்டியைச் சேர்ந்தது, எது சேராதது என்பதற்கான எழுத்துச் சான்று போல. சேகரிப்போர் பலர் அதைக் கழற்றித் தனியே விற்றுவிடுகிறார்கள்.

டெய்லரின் திட்டத்தை முழுமையாக ஏற்ற தொழிற்சாலைகள் சிலவே, அதை வைத்து ஒரு பெட்டியின் வடிவத்தை விளக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான தடை. ஆனால் என் வாதம் டெய்லரின் வெற்றியை நம்பி நிற்கவில்லை. அவர் பெயரையே கேளாத பட்டறைகளிலும் ஹைஸ்பீடு ஸ்டீலின் விலை, வெட்டும் கருவியை ஓரிடத்தில் குவிக்கவே தூண்டியது. டெய்லர் அந்தப் போக்குக்கு மொழி கொடுத்தவர்.

அடுத்த தடை இன்னும் வலுவானது: மரத்திலிருந்து இரும்புக்கு மாறியதுதானே உண்மையான திருப்பம்? ஓஹையோவின் வான்வெர்ட் ஊரில் 1911-இல் தொடங்கிய கென்னடி கம்பெனியின் பழுப்புநிறத் தகட்டுப் பெட்டிகள் அமெரிக்கப் பட்டறைகளை நிறைத்தன. சுருக்கம் விழுந்த பெயிண்ட் அவற்றின் அடையாளம். தகட்டின் சிறு குறைகளையும் பின்னால் விழும் கீறல்களையும் அந்தச் சுருக்கம் மறைத்துவிடும். ஆனால் கென்னடியின் ஏழு இழுப்பறைப் பெட்டியான 520-ஐ கெர்ஸ்ட்னருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே 20 அங்குலம், அதே தூக்குமூடி, அதே நழுவி மறையும் முன்தகடு, அதே ஒடுங்கிய அறைகள், அதே ஃபெல்ட், நடுவில் அதே புத்தக அறை. பொருள் மாறியது, வடிவம் மாறவில்லை. மலிவுதான் வடிவத்தைத் தீர்மானித்தது என்றால், தகட்டை மடித்து எளிதாகச் செய்யக்கூடிய வேறு எத்தனையோ உருவங்கள் இருந்தன. கென்னடி ஏன் மரச்சட்டத்தின் இலக்கணத்தைத் தகட்டில் எழுதியது? வாங்குபவரின் கையிருப்பு அதே மைக்ரோமீட்டர்களும் அதே ஸ்கொயர்களும் என்பதால். கெர்ஸ்ட்னரும் ஒழிந்துபோகவில்லை, இன்றும் டேட்டனில் மரப்பெட்டி செய்கிறது. ஒன்று மற்றொன்றை வென்றது என்ற கதைக்கு இங்கு இடம் குறைவு.

வடிவம் உண்மையில் உடைந்தது தொழிற்சாலையில் அல்ல, காரேஜில். 1910-இல் ஐந்து லட்சத்தை எட்டாத அமெரிக்கக் கார்கள் 1920-இல் 80 லட்சத்தைத் தாண்டின. 1930-இல் 2 கோடியே 30 லட்சம். ஃபோர்டின் மாடல் டி மட்டும் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி. இவற்றைப் பழுதுபார்க்க ஊருக்கு ஊர் முளைத்த காரேஜ்களில் டூல் ரூம் கிடையாது. முதலாளி கூரையையும் தரையையும் காற்றழுத்தக் கருவியையும் தந்தார். ஸ்பேனர், சாக்கெட், இடுக்கி, சுத்தியல் எல்லாம் மெக்கானிக்கின் பொறுப்பு. (ஸ்பேனர் என்பது நம் வாய்க்குப் பழகிய பிரிட்டிஷ் சொல், அமெரிக்கருக்கு அது ரெஞ்ச்.) தொழிற்சாலையில் பின்வாங்கிய எல்லைக்கோடு இங்கே மறுபடி முன்னால் வந்து, கைக்கருவிச் செலவு முழுவதையும் தொழிலாளியின் பக்கம் தள்ளியது. ஜோசப் ஜான்சனும் வில்லியம் சைடமனும் 1920-இல் மில்வாக்கியில் தொடங்கிய ஸ்னாப்-ஆன், ஐந்து கைப்பிடிகளையும் பத்து சாக்கெட்டுகளையும் விற்றபோது, ஐந்து ஐம்பதின் வேலையைச் செய்யும் என்று விளம்பரம் செய்தது. அது சரியென்றால் பெட்டி சிறுத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. சாக்கெட் கைப்பிடிகளில் கால், எட்டில் மூன்று, அரை அங்குலம் என்று வேலைக்கேற்ற அளவுகள்; மாடலுக்கு மாடல் தனிக்கருவிகள்; ஃபோக்ஸ்வாகனும் ஜப்பானியக் கார்களும் வந்தபின் அங்குலத் தொகுப்போடு மில்லிமீட்டர்த் தொகுப்பும். ஒவ்வொன்றையும் மெக்கானிக்கே வாங்கினார். காரேஜ் வாசலுக்கே வரும் டூல் வேனில், வாரத் தவணையில்.

பெட்டி தூக்குவதிலிருந்து உருட்டுவதற்கு மாறியது இப்படித்தான். மேலே மூடி வைத்த ஒரு பெட்டி, கீழே சக்கரம் வைத்த அலமாரி என்ற இரட்டை அமைப்பு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காரேஜின் முத்திரை. அதன் கீழ் இழுப்பறைகள் ஆழமானவை. ஃபெல்ட் இல்லை, கிரீஸ் துடைக்க ஏற்ற தகடு. பாரம் தாங்கப் பால் பேரிங் ஓடுபாதை. மைக்ரோமீட்டர் இருந்தால் அது மேல்பெட்டியின் ஒடுங்கிய அறையில், பழைய மெஷினிஸ்டின் நினைவுபோல ஒதுங்கியிருக்கும். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான இந்த எல்லைக்கோடு வெறும் வழக்கமாக மட்டும் நின்றுவிடவில்லை. கலிஃபோர்னியாவின் கூலி ஆணைகள், தொழிலுக்கு வழக்கமான கைக்கருவிகளைத் தொழிலாளியே கொண்டுவர வேண்டும் என்று கேட்கும் முதலாளி, குறைந்தபட்சக் கூலியைப்போல் இரு மடங்காவது தர வேண்டும் என்கின்றன. பெட்டியின் எடை ஒரு தொழிலாளர் பிரச்சினை என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

பிழைத்திருக்கும் பெட்டிகளை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்ற ஐயத்தை ஒதுக்க மாட்டேன். பேணப்பட்டவைதான் நம் கைக்கு வந்திருக்கின்றன. தைலம் தேய்த்து, துணி போர்த்தி, மகனுக்கு விடப்பட்ட ஓக் பெட்டி நிற்கிறது. மழையில் நனைந்த தகரப்பெட்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதனால் எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. வடிவத்தை வைத்து வரலாம். ஏனெனில் கம்பெனிகளின் விலைப்பட்டியல்கள் வடிவத்தைத் தனியே சாட்சி சொல்கின்றன, அவற்றுக்குத் துருப்பிடிக்காது.

காலக்கணிப்பிலும் கவனம் தேவை. காப்புரிமை எண் இருந்தால் நல்ல தொடக்கம்: அமெரிக்காவின் பத்து லட்சமாவது காப்புரிமை 1911 ஆகஸ்டில் வழங்கப்பட்டது, இருபது லட்சமாவது 1935 ஏப்ரலில். எண் சொல்வது கண்டுபிடிப்பின் காலத்தை. பெட்டி பல ஆண்டு பிந்தியதாக இருக்கலாம். முகவரி ஒட்டியிருந்தால் ஊர்ப்பெயருக்குப் பின் ஓரிரு இலக்க அஞ்சல் மண்டல எண் உண்டா என்று பாருங்கள். அது 1943-க்குப் பிந்தியது. ஐந்து இலக்க ஜிப் எண் என்றால் 1963-க்குப் பிந்தியது. கீலில் பிலிப்ஸ் திருகு இருந்தால், பெட்டியோ அந்தத் திருகோ 1930-களின் நடுப்பகுதிக்கு முன்னதாக இருக்க முடியாது. சியர்ஸ் 1927-இல் கையகப்படுத்திய கிராஃப்ட்ஸ்மேன் பெயரில் வந்த பெட்டிகளைச் சியர்ஸ் தானே செய்யவில்லை. மாடல் எண் 706 என்று தொடங்கினால் செய்தது அயோவாவின் வாட்டர்லூ. பெயர்த்தகட்டை மட்டும் நம்புவோர் தவறுமிடம் இது.

இதையெல்லாம் விட அதிகம் சொல்லக்கூடியது உள்ளிருக்கும் அழுக்கு. ஃபெல்ட்டில் அரைவட்டமாகக் கறுத்த தடம் மைக்ரோமீட்டரின் சட்டம் கிடந்த இடம்; நீள்கோடு அளவுகோல். எந்த அறையின் விளிம்பு தேய்ந்திருக்கிறதோ அது நாள்தோறும் திறக்கப்பட்டது. புதுப் பச்சைத் துணி ஒட்டி, பெட்டியைக் காலியாக்கி, கருவிகளைத் தனித்தனியே ஏலம் விடும் ஒவ்வொரு முறையும் கெர்ஸ்ட்னர்களின் எண்ணிக்கை குறைவதில்லை, வரலாற்றுச் சான்றுகளின் எண்ணிக்கை குறைகிறது. பெட்டி வாங்குவோரிடம் கேட்பது இவ்வளவே: கை வைக்குமுன் ஒவ்வோர் இழுப்பறையையும் இருந்தபடியே படம் எடுங்கள், பித்தளை வில்லையை அதன் பெட்டியிலேயே விடுங்கள், பழைய ஃபெல்ட்டை உரித்தே ஆக வேண்டுமென்றால், உரித்ததை உறையிலிட்டு எந்த அறையுடையது என்று எழுதி அதே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.