தோளுக்குத் தெரிந்த பாரம்

மார்பகத்தைச் சிறிதாக்கும் ரண சிகிச்சை என்றதும், “சினிமா நட்சத்திரங்களின் ஷோக்கு” என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் உண்டு. சற்றுப் பொறுங்கள். இதன் பூர்வ சரித்திரத்தில் முதலில் நாம் சந்திக்கும் நோயாளி பெண்ணல்ல, ஆண்!

7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர், ஏஜினா தீவைச் சேர்ந்த பால். ஆணுக்கு மார்பு பெண்ணைப்போல் பருத்துவிட்டால் அது அவமானம் என்று கருதி, பிறை வடிவில் கீறிக் கொழுப்பை எடுத்துத் தைத்துவிடும் முறையை அவர் எழுதி வைத்தார். ஆணின் வெட்கத்துக்கு அன்றே வைத்தியம் கிடைத்துவிட்டது. பெண்ணின் தோள்வலிதான் வெகுகாலம் காத்திருந்தது.

1897-ல் பிரான்ஸ் தேசத்து பூஸோன், தொய்ந்த மார்பகத்தின் மேற்புறத்தில் பிறைபோல் ஒரு துண்டை எடுத்துவிட்டு, மிச்சத்தை நெஞ்சுத் தசையின் உறையோடு தூக்கித் தைத்தார். 1922-ல் சிகாகோவின் மாக்ஸ் தோரெக் வேறொரு வழியைக் கையாண்டார்: காம்பைத் தனியே அறுத்தெடுத்து, பாரத்தைக் குறைத்தபின் மறுபடி ஒட்டவைத்தார். பாரம் போயிற்று, கூடவே ஸ்பரிச உணர்வும், பால் கொடுக்கும் சக்தியும் போயின. வலி தீர இவ்வளவு பெரிய விலையா?

அந்த விலையைக் குறைக்கத்தான் பின்னால் வந்தவர்கள் பாடுபட்டார்கள். 1956-ல் ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கர், பாடி தைப்பவர்கள் துணி வெட்டும் அச்சைப் பார்த்தே தோலை வெட்டும் அளவை வகுத்தார். தையற்காரரின் வித்தை சர்ஜனுக்குக் கைகொடுத்தது! 1960-ல் சுவீடனின் ஸ்ட்ரோம்பெக், காம்பை அறுத்தெடுக்காமல், ரத்தம் ஓடும் சதைப் பட்டையோடு சேர்த்தே நகர்த்திவைக்கும் முறையை வெளியிட்டார். 1990-களில் பெல்ஜியத்தின் மாடலேன் லெஜூர் என்ற பெண் சர்ஜன், மார்பகத்தின் அடி மடிப்பில் நீண்டு ஓடும் தழும்பைத் தவிர்க்கும் முறையைப் பரப்பினார்.

தூக்கி நிறுத்துவது வேறு, குறைப்பது வேறு என்பதைப் பெண்கள் அறிந்துகொள்ள வேண்டும். முன்னதில் பெரும்பாலும் தொய்ந்த தோலைத்தான் எடுக்கிறார்கள்; எடை அப்படியே இருக்கும். பின்னதில் சுரப்பியையும் கொழுப்பையும் எடுப்பதால், பாரத்தினால் வந்த முதுகுவலி தணிய வழியுண்டு. இரண்டிலும் தழும்பு மங்குமே தவிர, அடியோடு மறையாது. குறைத்த பிறகு சிலருக்குக் குழந்தைக்குப் பால் போதாமலும் போகலாம். ஆகவே, தாயாக விரும்புகிறவள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் 2009-ல் 17 வயதில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டார். முதுகுவலியும் ஆட்டத்துக்கு நேர்ந்த இடைஞ்சலுமே காரணம் என்று ஒளிக்காமல் சொன்னார். 2019-ல் விம்பிள்டன் பட்டத்தை வென்றார்.

எல்லோரும் பந்தாடப் போவதில்லை. குனிந்து கோலம் போடவும், குடத்தைத் தூக்கவும், பஸ்ஸுக்கு ஓடவுந்தான் நம் வீட்டுப் பெண்களுக்குத் தேவை. பாடியின் பட்டை தோளில் பதித்த பள்ளத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பது அவர்கள் இஷ்டம். அவர்கள் வலியென்று சொன்னால், அதை வலியென்றே நம்புவது நம் கடமை.