கோட்டையும் கடைத்தெருவும்: கற்பிட்டிக் குடாநாட்டின் வணிக மாற்றம் பற்றிய சில குறிப்புகள்

கற்பிட்டியைப் பற்றி எழுதுவோர் கோட்டையிலே தொடங்கிக் கோட்டையிலே முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அண்மைக் காலத்துப் பயணக் கைந்நூல்களோ டொல்பின்களையும் காற்றுப் பட்டத்தில் அலைமேற் செல்லும் ஐரோப்பிய இளைஞரையும் காட்டி அமைகின்றன. இவ்விரு வகை எழுத்துக்களுக்கும் இடையே விடுபட்டுப்போவது கடைத்தெருவாகும். கடந்த பதினைந்து ஆண்டுகளுள் அக்கடைத்தெருவும், பாலாவிச் சந்தியிலிருந்து அதற்குச் செல்லும் வீதியும் பெரிதும் மாறிவிட்டன. விடுதிகள், உணவகங்கள், குளிரூட்டிய பலசரக்குக் கடைகள் ஆகியன பெருகியுள்ளமையைப் பலரும் ‘வளர்ச்சி’ என்ற ஒரே சொல்லாற் குறிப்பர். அச்சொல்லுக்குள் யார் அடங்குகின்றனர், யார் வெளியே நிற்கின்றனர் என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

நெய்தல் நிலத்து வணிகம் தமிழிலக்கிய மாணவர்க்குப் புதியதன்று. பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகப் பண்டங்களும் கடைகள்தோறும் ஆடும் கொடிகளும் விரிவாகப் பேசப்படுகின்றன. அதே பாட்டிற் பரதவரும் வருகின்றனர். அவர்தம் ஓய்வும் விளையாட்டும் அழகுறப் பாடப்படுகின்றன. ஆயின் அவர் உழைப்பின் பயன் எவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது பாட்டின் அக்கறையாக அமையவில்லை. புரவலரை நோக்கிப் பாடிய புலவனிடம் நாம் அதனை எதிர்பார்த்தலும் பொருந்தாது. எனினும் மீனவன் நிலக்காட்சியின் ஓர் உறுப்பாக மட்டுமே தோன்றும் இந்நோக்கு இன்றைய சுற்றுலா விளம்பரத்திலும் அப்படியே தொடர்வது கவனிக்கத்தக்கது. வள்ளமும் வலையும் படத்தில் இருக்கும். வலையின் கடன் படத்தில் இராது.

புத்தளக் கரையின் வணிகம் மிகப் பழையது. 1344இல் இங்கு வந்திறங்கிய இபுன் பதூதா, கரையிலே கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், மலபாரிலிருந்து வந்தோர் மன்னனுக்குத் துணி முதலியவற்றைக் கையுறையாகக் கொடுத்து அவற்றை ஏற்றிச் சென்றதையும் குறிப்பிடுகின்றார். அவரை வரவேற்ற மன்னன் ஆரியச்சக்கரவர்த்தி. உப்பு, முத்து, கருவாடு, கொப்பரை என்பன பிற்காலத்தில் இக்கரையின் முதன்மைப் பண்டங்களாயின. கண்டி இராச்சியத்துக்குப் புத்தளம் கடல்வாயிலாக விளங்கியது. அவ்வாயிலை அடைக்கும் பூட்டாகவே ஒல்லாந்தர் களப்பின் முகத்திற் கற்பிட்டிக் கோட்டையை 1667 தொடக்கம் 1676 வரையான காலப்பகுதியிற் கட்டினர். எனவே கோட்டையைப் போர்க்கட்டடமாக மட்டும் காண்பது போதாது. களப்பினுட் செல்லும் ஒவ்வொரு தோணியும் எதனை ஏற்றியது, எங்கே இறக்கியது என்பதைக் கண்காணிக்கும் வணிக ஆதிக்கத்தின் கருவி அது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கண்டி மன்னன் கரையோரம் முழுவதையும் இழந்தபோது அக்கருவி தன் வேலையை முடித்திருந்தது. 1795இற் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

கோட்டையின் நிழலிற் தோன்றிய சிறு நகரில் வணிகரும், துவிபாஷிகளும், கம்பெனி உத்தியோகத்தருமாகிய ஒரு நடுத்தர வர்க்கம் உருவாயிற்று. தமிழ் ஆய்வுலகம் நன்கறிந்த சைமன் காசிச்செட்டி 1807இற் பிறந்தது இக்கற்பிட்டியிலேயாம். 1834இல் இலங்கை பற்றிய ஆங்கிலக் கசற்றியரையும், 1859இற் தமிழ்ப் புலவர் வரலாறாகிய ‘தமிழ் புளூராக்’கையும் வெளியிட்ட அவர், 1841இல் ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ் இதழையும் நடத்தினார். ஊர்களையும் சாதிகளையும் புலவர்களையும் அகரவரிசைப்படுத்தும் ஆர்வம் அவரிடத்துத் தற்செயலாகத் தோன்றியதெனக் கருதமுடியாது. எண்ணிக்கை, பட்டியல், பதிவேடு ஆகியன துறைமுக நகரத்து அறிவுப் பழக்கங்கள். சுங்கத்தின் பேரேடும் புலவர் அகராதியும் ஒரே சூழலின் விளைவுகள் என்பது எமது கருத்து. இதனை விரித்தல் தனிக் கட்டுரையாகும்.

கடற்பாதையும் ஒல்லாந்தர் கால்வாயுமே முதன்மையான வழிகளாய் இருந்தவரை கற்பிட்டி தாக்குப்பிடித்தது. தெருவும் இருப்புப்பாதையும் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. 1926இற் புகையிரதம் புத்தளத்தை எட்டியது. அநுராதபுரம், குருநாகல், கொழும்பு வீதிகள் சந்திக்கும் இடமும் புத்தளமே. சந்தை களப்பின் முகத்தை விட்டுக் களப்பின் அடிக்கு நகர்ந்தது. அதன்பின் நெடுங்காலம் கற்பிட்டிக் கடைத்தெரு மீன்பிடிப் பருவத்தோடு விரிந்து சுருங்குவதாயிற்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபப் பகுதிகளின் கடல் கொந்தளிக்க, அங்கிருந்து குடும்பத்தோடு பெயர்ந்து வரும் மீனவர் தீவுகளில் வாடி அமைப்பர். அவர்க்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கடனுக்குக் கொடுத்து மீனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்மாட்டிகளும் கடைக்காரருமே ஊரின் மூலதனமாவர். தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவையொட்டி மார்ச்சு மாதத்திலும், பின்னர் ஆடி ஆவணியிலும் எழும் தற்காலிகக் கடைகள் ஆண்டின் மற்றோர் ஏற்றம். இக்கடைகளில் மெழுகுதிரியும் அல்வாவும் பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருளும் அருகருகே விற்பனையாவதைக் கண்டோர், பக்தியும் சரக்கும் எவ்வளவு இணக்கமாக வாழ்கின்றன என்பதை அறிவர்.

குடாநாட்டின் அண்மைக் கால வரலாற்றில் ஒரு கூரிய திருப்பம் 1990 ஒக்டோபரில் நேர்ந்தது. விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை முற்றாக வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30ஆந் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலமே. ஏறத்தாழ 75,000 பேர் வீடு, கடை, காணி, நகை அனைத்தையும் விட்டு வெளியேறினர். மன்னார்ப் பகுதியைச் சேர்ந்தோர் பலர் படகேறிக் கற்பிட்டியில் வந்திறங்கினர். பெரும்பகுதியினர் புத்தள மாவட்டத்தில் ஓலைக் குடிசைகளில் முகாம் வாழ்வு தொடங்கினர். தமிழ்ப் பேராசிரியர்களும் எழுத்தாளர்களுமாகிய நம்மவருட் பலர் இதனைப் பற்றி நீண்டகாலம் மௌனம் காத்தனர். இன விடுதலை பேசிய மொழியிலேயே இக்கொடுமை நிகழ்த்தப்பட்டமை அம்மௌனத்தின் காரணமாயிருக்கலாம், நியாயமாகாது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலறிஞர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் போன்றோர் தனித்து நின்று இதனை ஆவணப்படுத்தவேண்டியிருந்தது.

வணிக வரலாற்று நோக்கில் இவ்வருகை இருவகையாகத் தொழிற்பட்டது. யாழ்ப்பாணச் சோனகத்தெருவில் இரும்புக்கடை, தையல், லொறிப் போக்குவரத்து முதலிய தொழில்களைத் தலைமுறையாகச் செய்தோர் கைமுதலை இழந்தனர், தொழிலறிவை இழக்கவில்லை. புத்தளம் நகரிலும் வீதியோரங்களிலும் அவர் தொடங்கிய சிறுகடைகள் சந்தையை விரித்தன. இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், நிலமற்ற ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையிற் கூலிச் சந்தையில் வந்து நின்றனர். குடாநாட்டு மணற்றரையில் கிணற்று நீர் பாய்ச்சி வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிட்ட தோட்டக்காரருக்கு, முகாம்களிலிருந்து விடியற்காலையிற் பெண்கள் கூலிக்கு வந்தமை பெரும் வாய்ப்பாயிற்று. குடாநாட்டின் தோட்டச் செழிப்பைப் பேசும்போது இக்கூலியுழைப்பை மறைத்துப் பேசுதல் இயலாது. வந்தோர் கூலியைக் குறைத்தனர் என்ற மனக்குறை உள்ளூர்த் தொழிலாளரிடையே எழுந்தது. முஸ்லிம்களும் முஸ்லிம்களுமே இங்கு எதிரெதிர் நின்றனர் என்பதை இனத்தையே எல்லாவற்றுக்கும் விளக்கமாகக் கொள்வோர் சிந்திப்பார்களாக.

2009இற் போர் முடிந்தபின் மூன்றாம் அலை வந்தது. அரசு 2000களில் வகுத்த கற்பிட்டி ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம் 14 தீவுகளை உள்ளடக்கியது. உச்சமுனை, இலுப்பந்தீவு, முகத்துவாரம் எனத் தமிழ்ப் பெயர் தாங்கிய மணற்றிட்டுகள் திட்ட வரைபடத்தில் முதலீட்டுக்குரிய ‘வெற்று நிலங்கள்’ ஆயின. அங்குத் தலைமுறையாக வாடியிட்டு வாழ்ந்தோரிற் பலரிடம் உறுதி இல்லை. கரையைப் பயன்படுத்தும் வழமையே அவர்தம் உரிமை. வழமையைச் சட்டம் எழுத்தாகக் கேட்கும்போது உழைப்பாளி வெறுங்கையனாகின்றான். வேலியடைப்பு என்பது பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தோடு முடிந்துபோன கதையன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மீனவர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. திட்டமிட்ட பெருவிடுதிகளிற் பெரும்பாலானவை எழவுமில்லை. ஆனால் திட்டத்தின் பெயராற் காணி விலையும் தரகும் எழுந்தன.

பெருவிடுதிகள் வாராத இடத்திற் சிறு விடுதிகள் வந்தன. கண்டக்குழி, ஆலங்குடாக் கரைகளில் மே முதல் ஒக்டோபர் வரை வீசும் பலத்த காற்று பட்ட விளையாட்டுக்கும், நவம்பர் முதல் ஏப்ரல் வரையான அமைதிக் கடல் டொல்பின் பார்வைக்கும் உகந்தன. மீனவன் ‘கடல் கெட்ட காலம்’ என்று கூறும் காற்றே விடுதிக்காரனுக்கு நற்பருவமாகின்றது. ஒரே காற்று இரு வர்க்கங்களுக்கு இரு பொருள்படுவதை இதனினும் நேராகக் காணுதல் அரிது. கடல் கெட்ட மாதங்களில் இளைஞர் சிலர் விடுதியிற் பரிசாரகராகவோ, படகோட்டியாகவோ, முச்சக்கரவண்டிச் சாரதியாகவோ வேலை பெறுகின்றனர் என்பதையும் மறுத்தலாகாது. அவ்வருவாயைச் சம்மாட்டியின் கடனிலிருந்து விடுபடும் வழியாகக் கருதுவோர் உளர். அவர்தம் கணிப்பு முற்றிலும் பிழையன்று.

உணவகங்களை உற்று நோக்கினால் இம்மாற்றத்தின் உட்கூறு புலனாகும். கடைத்தெருவில் விடியுமுன் திறக்கும் தேநீர்க்கடை கடலுக்குப் போவோனையும் கடலிலிருந்து வருவோனையும் நம்பி இயங்குவது. ரொட்டி, பருப்பு, மீன் குழம்பு, சாயத்தண்ணீர். கையிற் காசு இல்லாதவனுக்குக் கணக்குக் கொப்பி. கரையோரத்துப் புதிய உணவகமோ மாலையில் உயிர்பெறுவது, விலைப்பட்டியல் ஆங்கிலத்தில், கொப்பிக் கணக்கு இல்லை. இரண்டிலும் சமைக்கப்படுவது ஒரே களப்பின் நண்டும் இறாலுமே. ஆயினும் ஏற்றுமதி நிறுவனங்களும் விடுதிகளும் நீலக்கால் நண்டுக்குப் போட்டியிடத் தொடங்கியபின், பெரிய நண்டு உள்ளூர்ச் சட்டியை எட்டுவது அரிதாயிற்று. பிடிப்பவன் வீட்டில் நண்டு விருந்துப் பொருளாகிவிட்டது. மீன்விலை உயர்ந்தமை பிடிப்பவனுக்கு இலாபமன்றோ எனக் கேட்கலாம். வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுத்தவனே விலையை நிர்ணயிக்கும்வரை அவ்வுயர்வின் பெரும்பகுதி கரையேறாது.

பெயர்ப்பலகைகளும் ஒரு வாசிப்புக்கு உரியன. தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழும் இக்குடாநாட்டிற் கடைத்தெருவின் பழைய பலகைகள் தமிழையும் சிங்களத்தையும் தாங்கின. கடற்கரைப் புதுப்பலகைகளில் ஆங்கிலம் ஒன்றே போதுமாயிருக்கின்றது. சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள கத்தோலிக்க மீனவர் ஊர்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாடசாலை வழியாகத் தமிழ் பின்னடைந்தமையை நாமறிவோம். அங்கு மொழியை மாற்றியது பள்ளி. இங்கு அதனைச் சந்தை செய்கின்றது, அதுவும் யாரையும் கட்டாயப்படுத்தாமலே.

இவ்வணிகத்தின் நிலையாமையையும் கருதவேண்டும். 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்து 33 ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்களும் அடுத்த ஆண்டின் பெருந்தொற்றும் அத்தொகையை 2020இல் 5 இலட்சத்து 7 ஆயிரமாக வீழ்த்தின. 2021இல் அது இரண்டு இலட்சத்தையும் எட்டவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளின்றி வள்ளங்களும் கரையிற் கிடந்தன. 2024இல் எண்ணிக்கை மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. இவ்வேழு ஆண்டுகளில் மூடியவை எவை, தாங்கியவை எவை என்பதை ஊர்தோறும் கணக்கெடுத்தல் எம் மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். கையிருப்பு மூலதனமும் கொழும்பில் வேறு தொழிலும் உடையோர் கதவடைத்துக் காத்திருக்க முடியும். கடன்பட்டு வீட்டு முற்றத்தில் இரண்டு அறை கட்டியவனுக்கு அவ்வாறு காத்திருக்க இயலாது, அவன் விற்பான். அந்த விற்பனை உறுதிகளை, வாங்கியோர் பெயரும் ஆண்டும் விலையும் குறித்து, காணிப் பதிவகத்தில் ஒன்றுவிடாமற் பிரதிபண்ணுவதிலிருந்தே அவ்வாய்வு தொடங்கவேண்டும்.