காம்பவுண்டும் கம்பமும்

காம்பவுண்டு என்றால் நமக்கு முதலில் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. ‘காம்பவுண்டு ஏறிக் குதித்தான்’ என்கிறோம். ஆனால் மதுரைப் பக்கத்தில் ‘காம்பவுண்டு வீடு’ என்றால் ஒரு பொதுவாசல், நடுவே ஒரு நடை, இருபுறமும் குடித்தனங்கள், எல்லாருக்கும் ஒரே குழாயடி. சொல்லின் மூலத்துக்கு நெருங்கி நிற்பது இந்தப் பொருளே. கலவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இதற்குள்ள உறவு எழுத்தளவில்தான். மலாயில் ‘கம்போங்’ என்றால் அடைப்பு, குடியிருப்பு, ஊர். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி போர்த்துக்கீசிய மூலத்தையும் ஆராய்ந்துவிட்டு மலாய்ப் பக்கமே சாய்ந்தது. அதே சொல் ஆங்கிலத்தைத் தொடாமல் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் பேச்சில் ‘கம்பம்’ ஆனது. (தேனி மாவட்டத்துக் கம்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) நம் ‘வளவு’ம் வளைத்தல் என்ற வினையை ஒட்டியதுதான். யாழ்ப்பாணத்தில் அது வேலிக்குள் வீடும் நிலமும். செட்டிநாட்டில் உள்முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும். அடைப்பைச் சொல்ல வந்த சொற்கள், அடைப்புக்குள் சேர்ந்து வாழும் இடத்துக்குப் பெயராகியிருக்கின்றன.

அங்கே மனிதர்களைச் சேர்த்து வைத்தது நடுவிலிருந்த வெட்டவெளியா, குழாயடியா? குழாயடிதான் என்பேன். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் பேசினார்கள். பேசுவதற்கென்று யாரும் வரவில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து ஃபெஸ்டிங்கரும் ஷாக்டரும் பேக்கும் 1950இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. மாடிப்படியருகே கீழ்வீட்டில் குடியிருந்தவர்களுக்கு மாடியில் நண்பர்கள் அதிகம். தினமும் கடக்கும் வழி நட்பை வளர்த்திருக்கிறது.

சிங்கப்பூரில் கம்பங்களை அகற்றி எழுந்த அடுக்குமாடிகளில், 1970களிலிருந்து தரைத்தளத்தை வீடில்லாமல் திறந்தே விட்டார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயருக்கு ‘வெற்றுத் தளம்’ என்று பொருள். அங்கே ஒரு நாள் மலாய்த் திருமணம், இன்னொரு நாள் சீனர் வீட்டுத் துக்கம். வெறுமனே கடந்து போகிறவர்களே அதிகம் என்பார்கள். கடந்து போவதும் முகம் பழகுவதுதான். அது இல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்காது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நம் காம்பவுண்டு வீடுகளில் சண்டையும் வேவும் இருந்தன. சாதி கேட்டே குடிவைத்த வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். இதை மறுக்க முடியாது. முற்றம் உள்ளே இருப்பவர்களைத்தான் பழக்கும். யார் உள்ளே வரலாம் என்பது வாசலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. சிங்கப்பூர் அரசு 1989இல் ஒவ்வொரு கட்டடத்திலும் இன விகிதத்தை வரையறுத்தது இதை உணர்ந்துதான். அந்த விதி இல்லாவிட்டால் திருமணமும் துக்கமும் ஒரே தளத்தில் சந்தித்திருக்குமா என்பது சந்தேகமே. தனிமை வேண்டும் என்ற ஆசையும் நியாயமானது. குழாயடிச் சண்டையை யாரும் திரும்பக் கேட்கவில்லை. கேட்கவேண்டியது, அன்றாட வேலை ஒன்றிரண்டாவது பொது இடத்தின் வழியாகப் போகட்டும் என்பதுதான். சிங்கப்பூரில் தபால் பெட்டிகளும் லிஃப்ட் வாசலும் அந்தக் கீழ்த்தளத்திலேயே இருக்கின்றன. சென்னையின் புதிய அடுக்ககங்கள் பலவற்றில் கார் நிறுத்திய இடத்திலேயே லிஃப்ட் ஏறி, ஒருவர் முகமும் பாராமல் வீட்டுக்குள் போய்விடலாம்.