வெட்டுப்பட்ட தாளம்

இந்தக் கதையின் நாயகன் பிறந்தது 1969-இல், அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. நீளம் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஏழே நொடி.

வாஷிங்டனைச் சேர்ந்த ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற குழு ஓர் இசைத்தட்டு போட்டது. முதல் பக்கத்தில் ‘கலர் ஹிம் ஃபாதர்’. பாட்டு நன்றாக ஓடியது. எழுதிய ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு கிராமி விருதும் கிடைத்தது. மறுபக்கத்தை நிரப்ப ‘ஆமென், பிரதர்’ என்று ஒரு வாத்திய இசை. அதன் நடுவே மற்றவர்கள் எல்லாரும் நிறுத்திக்கொள்ள, டிரம்மர் கிரிகரி கோல்மன் மட்டும் நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, தனியாக வாசித்தார். முதல் இரண்டு பார் நேர்நடை. மூன்றாவதில் ஸ்னேர் அடி ஒன்று கொஞ்சம் தள்ளி விழும். நான்காவதில் முதல் அடியையே விட்டுவிட்டார். சிம்பல் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே சிதறும். அந்த ஏழு நொடிதான் நம் நாயகன். அப்போது அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கவனித்தவர்கள் பின்னால் வந்த டிஸ்க் ஜாக்கிகள். பாட்டில் டிரம் மட்டும் ஒலிக்கும் இடங்களைத் தேடிப்பிடித்து, இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி ஓட்டி ஆடவைத்தார்கள். 1986-இல் அப்படிப்பட்ட பாடல்களைத் தொகுத்த ‘அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்’ வரிசையில் ‘ஆமென், பிரதர்’ இடம்பிடித்தது. அதே நேரத்தில், ஒலியைப் பதிந்து திருப்பி வாசிக்கும் சாம்ப்ளர் என்ற பெட்டியும் கைக்கு எட்டியது. 1987-இல் வந்த எஸ்பி-1200 பெட்டியின் மொத்த நினைவே 10 நொடிதான். 33 சுற்றுத் தட்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிந்து, பெட்டிக்குள் வேகத்தைக் குறைத்து வாசித்து இடம் மிச்சம் பிடித்தார்கள். அந்தச் சிக்கனத்தில் வந்த கரகரப்பே பிறகு ஒரு ருசியாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் லூப் என்ற பிராணிக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓட்டும் தாளத் துண்டுக்கு, முதல் சிக்கல் வருகிறது. 100 பீ.பீ.எம். (நிமிடத்துக்கு 100 அடி) வேகத்தில் வாசித்த நான்கு பார் தாளம் 9.6 நொடி. பாட்டின் வேகம் 80 என்றால் அது 12 நொடிக்கு நீள வேண்டும். நாடாவையோ சாம்ப்ளரையோ மெதுவாக ஓட்டினால் நீளும். கூடவே சுருதியும் ஏறக்குறைய நான்கு அரைச்சுரம் இறங்கிவிடும். ஸ்னேர் அடித்த இடத்தில் அட்டைப்பெட்டி அடித்தது போலக் கேட்கும். வேகமும் சுருதியும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

பிரிக்க ஒரு வழி, வெட்டுவது. லூப்பை ஒவ்வோர் அடியாகத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விசையைக் கொடுத்து, தேவையான நேரத்தில் தட்ட வேண்டும். அடி எதுவும் நீளாது, சுருங்காது; அடிகளுக்கு இடையேயான தூரம்தான் மாறும். சாம்ப்ளரின் சின்னத் திரையைப் பார்த்துக் கையாலேயே இதைச் செய்து கண் பூத்தவர்கள் உண்டு. 1994-இல் ஸ்டாக்ஹோமில் பிராப்பெல்லர்ஹெட் என்ற சிறு நிறுவனம் ‘ரீசைக்கிள்’ என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. ஒலி சட்டென்று எகிறும் இடங்களை அதுவே கண்டுபிடித்துக் கோடு போடும். எத்தனை கோடு வேண்டும் என்பதை ஒரு குமிழைத் திருகிச் சொல்லலாம். துண்டுகளை சாம்ப்ளருக்கு அனுப்பும். எந்தத் துண்டு எந்த நொடியில் விழுந்தது என்பதை மிடி கோப்பாகவும் எழுதித் தரும். வாசித்தவரின் முந்தல் பிந்தல் அந்தக் கோப்பில் தங்கியது. துண்டுகளையும் நேரங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டிய ‘ரெக்ஸ்’ கோப்பு பிறகு தொழிலின் பொதுச் சரக்காயிற்று. 2000-இல் அதே நிறுவனத்தின் ‘ரீசன்’ மென்பொருளில் அதை வாசிக்கவே தனிக் கருவி இருந்தது.

வெட்டியதற்கு விலை உண்டு. 100-இல் பதிந்ததை 80-க்கு இறக்கினால், பதினாறில் ஒரு பங்குத் துண்டு ஒவ்வொன்றுக்கும் பின்னால் 37.5 மில்லிநொடி வெறுமை விழும். அறையின் எதிரொலி, சிம்பலின் இழுப்பு எல்லாம் அந்தப் பள்ளத்தில் அறுந்து விக்கும். துண்டின் வாலைச் செயற்கையாக நீட்டி ரீசைக்கிள் அதை மூடிப்பார்த்தது, ஓரளவுக்குத்தான் மூடும்.

இன்னொரு வழி, வெட்டாமல் இழுப்பது. 1998-இல் சோனிக் ஃபவுண்டரியின் ‘ஆசிட்’, 2001-இல் பெர்லினின் ‘ஏபிள்டன் லைவ்’ இரண்டும் இந்த வழியில் வந்தவை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே லூப்பின் வேகத்தை மாற்றலாம், சுருதி அசையாது. இதில் அறுப்பு இல்லை. ஆனால் அதிகம் இழுத்தால் அடியின் முனை மழுங்கும், ஓர் அடி இரண்டாகத் தடுமாறும். இன்றைக்குக் கடையில் இருக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் வெட்டு, இழுப்பு என்ற இந்த இரண்டு வழிகளின் வாரிசுகளே. எதைத் தேர்ந்தாலும் ஒன்று கிடைக்கும், ஒன்று போகும். எது போனால் பரவாயில்லை என்று முடிவுசெய்வதுதான் தேர்வு.

சென்னையில் இந்தக் கதைக்குத் தனிக் கிளை ஓடுகிறது. 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு, சுரங்களை வரிசைப்படுத்தித் தானாக வாசிக்கும் சீக்வென்சரை இளையராஜா பயன்படுத்தினார். 1990-களின் தொடக்கத்தில் ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறம் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ கூடத்தை அமைத்தார். 1992-இல் ‘ரோஜா’ வெளிவந்தது. அதுவரை பெரும்பாலும் தபேலா, டோலக், டிரம் எல்லாம் ஒரே கூடத்தில் ஒரே கால்ஷீட்டில் அமர்ந்து, நோட்டைப் பார்த்து ஒன்றாக வாசித்தாக வேண்டியிருந்தது. ஒருவர் தவறினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. புதிய முறையில் வாசிப்பவர் தனியாக வந்து தன் பங்கைப் பதிந்துவிட்டுப் போகலாம். அதில் எந்த நான்கு பார் வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்பதை இசையமைப்பாளர் இரவில் உட்கார்ந்து முடிவுசெய்யலாம். தாளத்துக்கு ஒரு பதிவாளர் போதாமல் ஒரு தொகுப்பாளரும் வந்து சேர்ந்தார். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரிக்கு, 2018-இல் ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிக் கூடங்கள் அமைத்துத் தருவதாக அறிவித்தது. அங்கே பயிலும் பிள்ளைகளுக்கு ‘லாஜிக்’ மென்பொருள் பாடத்தின் ஒரு பகுதி.

கோடம்பாக்கத்திலிருந்து மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டி வந்தால் வேலப்பன்சாவடி. கோடம்பாக்கத்துக் கூடத்தின் வாடகை கட்டுப்படியாகாத இளைஞர்கள் இந்தப் புறநகர்களில் படுக்கையறையில் மடிக்கணினியை வைத்துப் பாட்டு கட்டுகிறார்கள். இவர்களுக்கு லூப் பெரும்பாலும் வெளியூரிலிருந்து இறக்கிய பொட்டலமாக வருகிறது: லண்டனில் வெட்டியது, லாஸ் ஏஞ்சல்ஸில் வெட்டியது. ஆனால் வேலப்பன்சாவடியிலிருந்து கிளைச்சாலையில் திரும்பினால் திருவேற்காடு கருமாரியம்மன் கோயில். ஆடி மாதத்தில் பம்பையும் உடுக்கையும் சிலம்பும் ஒலிக்கும் இடம். பறையும் தவிலும் கூப்பிடு தூரத்தில். சொந்த லூப் வேண்டுமென்றால் சரக்கு வாசலிலேயே கிடக்கிறது. மென்பொருளுக்கு உண்மையான பரீட்சையும் அங்கேதான்.

கோல்மன் வாசித்தது நாலு நாலாகப் பிரியும் சதுஸ்ர நடை. பாரைப் பதினாறாகப் பிரித்தால் கோடுகள் ஏறக்குறைய அடிமேல் விழும். அம்மன் பாட்டில் பம்பை துள்ளுவது பெரும்பாலும் மூன்று மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையில். அதே பதினாறு கோட்டை அதன்மேல் போட்டால் முக்கால்வாசிக் கோடு அடியின் வயிற்றில் வெட்டும். பன்னிரண்டாகப் பிரிக்க வேண்டும். மிஸ்ர சாப்பு என்றால் ஏழு, அல்லது பதினான்கு. இதைக் கேட்டால் கொடுக்காத மென்பொருள் நமக்கு உதவாது. அடியைத் தேடி வெட்டும் முறை கூடுதல் பத்திரம். அதற்கும் பறை ஒரு பொறி வைத்திருக்கிறது. வலக்கை அடிக்குச்சியும் இடக்கைச் சிண்டுக்குச்சியும் ஒன்றாக இறங்கும்போது நூலளவு முன்பின் இருக்கும். பறையின் கெத்தே அந்த நூலிழையில்தான். நுணுக்கக் குமிழைக் கூட்டி வைத்தால் ஓர் அடியை இரண்டு துண்டாக்கிவிடும், குறைத்து வைத்தால் மெல்லிய சிண்டடிகள் காணாமல் போகும். ஆகவே தானாகப் போட்ட கோட்டைக் கையால் எடுக்கவும், நகர்த்தவும், புதிதாகப் போடவும் வசதி வேண்டும். பறையைத் தீயில் காய்ச்சித்தான் சுருதி ஏற்றுவார்கள். ஆற ஆற இறங்கும். காய்ச்சியவுடன் பதிந்த துண்டும் கால்மணி கழித்துப் பதிந்த துண்டும் ஒட்டாது. துண்டுவாரியாகச் சுருதி திருத்தும் குமிழ் இருந்தால் இந்தக் குறை தீரும்.

உடுக்கையும் மிருதங்கத்தின் தொப்பியும் வேறு வகைச் சோதனை. உடுக்கையின் இடைக்கயிற்றை அழுத்தும்போது அடி விழுந்த பிறகும் ஒலி மேலே ஏறிக்கொண்டிருக்கும். தொப்பி என்ற இடந்தலையில் கும்கி நாதம் அடுத்த அடி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும். வெட்டு முறையில் மெதுவாக்கினால் அந்த வழுக்கல் பாதியில் அறுந்து நிற்கும். இங்கே இழுப்பு முறையே மேல். பத்துப் பதினைந்து சதவீதம் வரைக்கும் காது மன்னிக்கும். தவிலுக்கு நேர்மாறு. கூடு மாட்டிய விரல்கள் வலந்தலையில் அடிக்கும் அடிகள் குட்டையானவை, கூரானவை, வெட்டத் தோதானவை. இழுத்தால்தான் மழுங்கும்.

கோயில் வாசலில் பதிந்தால் மணியும், கூம்பு ஒலிபெருக்கியும், நெடுஞ்சாலை லாரி ஹாரனும் சேர்ந்தே வரும். லூப்பைப் பதினாறாக வெட்டினால் ஹாரனும் பதினாறு துண்டாகி, அடுக்கை மாற்றும்போதெல்லாம் கிழிந்து கிழிந்து கேட்கும். எந்த மென்பொருளும் இதைக் காப்பாற்றாது. வாசிப்பவரைத் தனியாக ஓர் அறைக்கு அழைத்து, ஒவ்வோர் அடியையும் தனியாகவும், பிறகு முழு நடையையும் பதிந்துகொள்வதே வழி.

இனி கடைக்குப் போகலாம். எஃப்.எல். ஸ்டூடியோ 1997-இல் பெல்ஜியத்தில் ‘ஃப்ரூட்டி லூப்ஸ்’ என்ற பெயரில் பிறந்தது. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதுப்பதிப்புகள் இலவசம் என்பது மாதச் சந்தா கட்ட முடியாதவர்களுக்குப் பெரிய விஷயம். அதிலுள்ள ‘ஸ்லைசெக்ஸ்’ வெட்டுக்கென்றே செய்த கருவி. விலைக்கேற்ப வசதி மாறும் பல பதிப்புகள் இருப்பதால் பார்த்து வாங்க வேண்டும். இலவசச் சோதனைப் பதிப்பில் வேலையைச் சேமிக்கலாம், ஆனால் காசு கட்டும்வரை அந்தக் கோப்பைத் திரும்பத் திறக்க முடியாது. ஏபிள்டன் லைவில் இழுப்பும் வெட்டும் இரண்டுமே உண்டு: ‘வார்ப்’ இழுக்கும், ‘சிம்ப்ளர்’ அடியைத் தேடியோ சமபங்காகவோ வெட்டும். பம்பைக்கும் உடுக்கைக்கும் ஒரே கூரை வேண்டும் என்பவருக்கு இது தோது. முழுப் பதிப்பின் விலைதான் கசக்கும். லாஜிக்கில் 2020-இல் வந்த ‘குயிக் சாம்ப்ளர்’ இதே வேலையைச் சுத்தமாகச் செய்யும், மேக் கணினி இருந்தால். ‘ரீப்பர்’ 60 நாள் எந்த வசதியும் குறையாமல் ஓடும். தனிநபர் உரிமம் 60 டாலர். அழகு குறைவு, ஆனால் அடியைப் பார்த்து வெட்டும் வேலையில் குறையில்லை. 2004-இல் வந்த ‘ஸ்டைலஸ் ஆர்.எம்.எக்ஸ்’ வெட்டித் தயாராக இருக்கும் லூப்புகளை அடுக்கி வாசிக்கச் சிறந்தது. ரெக்ஸ் கோப்புகளையும் உள்ளே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் புதிதாக ஒரு தாளத்தை அதற்குள்ளேயே வெட்ட முடியாது.

காசைக் கட்டுமுன் சோதனைப் பதிப்பில் இரண்டு கோப்பைப் போட்டுப் பார்த்தால் போதும்: மிஸ்ர சாப்பில் ஒரு தவில் லூப், மெதுநடையில் ஓர் உடுக்கை லூப். இரண்டையும் இருபது சதவீதம் மெதுவாக்க வேண்டும். ஏழு ஏழாகவே நிற்கிறதா, தவிலின் முனை கூராக இருக்கிறதா, உடுக்கையின் ஏற்றம் முழுசாக வருகிறதா? இந்த மூன்றில் தனக்கு எது முக்கியமோ அதில் தேறும் மென்பொருளை வாங்கலாம்.

மென்பொருள் தேறினாலும் தேறாத ஒரு கணக்கு இந்தக் கதையில் நின்றுபோயிருக்கிறது. கோல்மனின் ஏழு நொடி ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் போனது. இங்கிலாந்தின் ‘ஜங்கிள்’ இசை அதன்மேலேயே கட்டப்பட்டது. அதற்காக அவர் கைக்கு ராயல்டி எதுவும் வரவில்லை. 2006-இல் வீடில்லாதவராக இறந்தார். 2015-இல் பிரிட்டனில் ஒரு டிஸ்க் ஜாக்கி இணையத்தில் உண்டியல் வைத்துத் திரட்டிய 24,000 பவுண்டு ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது, வாசித்தவர் இல்லாத பிறகு. வெட்டும் கலை ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்றைக் கழற்றிப்போட்டது: முதலில் பாட்டை, பிறகு அறையை, பிறகு வேகத்தை. எல்லாவற்றுக்கும் முன்னால் கழன்றது வாசித்தவரின் பெயர்.

திருவேற்காட்டிலோ ஆவடியிலோ ஒரு பம்பைக்காரரை அழைத்துப் பதிகிறவர் இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே நேராக்கலாம். லூப்பாக்கப் போகிறோம், பல பாட்டில் வரும், விற்கவும் செய்வோம் என்பதை முதலிலேயே சொல்லி, அதற்கான கூலியைப் பேசி, இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது பெரிய சட்டவேலை இல்லை. ஒலிபரப்பாளர்களுக்காக 1997-இல் வகுத்த ‘பிராட்காஸ்ட் வேவ்’ கோப்புமுறையில், ஒலியைப் பற்றிய குறிப்புக்கென்றே 256 எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். ஒரு பெயரும் ஊரும் தேதியும் தாராளமாக அடங்கும். வெட்டிய துண்டுகளில் அந்தக் குறிப்பு ஒட்டிக்கொண்டு வரும் என்று நம்ப முடியாது. அதனால் வெட்டாத முழுப் பதிவைக் குறிப்போடு தனியாக எடுத்துவைத்துவிட்டு, நகலை வெட்டுவதே முறை.